பதினெட்டு முடிந்த மறுநாள்

நம் ஊரில் பதினெட்டு என்ற நம்பருக்கு ஏகப்பட்ட மவுசு. ஐயப்பனுக்குப் படி பதினெட்டு. சித்தர்கள் பதினெட்டு பேர். ஆடி மாசம் பதினெட்டாம் தேதி பெருக்கு. கீழ்க்கணக்கு நூல்கள் பதினெட்டு (ஒரு மார்க் கேள்வி, பதிலை எழுதிவிட்டு நூல்களின் பெயரை மறந்துவிடலாம்). இந்த வரிசையில் சட்டமும் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினெட்டு முடிந்தவன் மேஜர். 1875-ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது, இன்றைக்கும் நடக்கிறது.

பதினெட்டு முடிகிற வரை நமக்கெல்லாம் அப்பாதான் கையெழுத்து. ரேங்க் கார்டில் அவர், லீவ் லெட்டரில் அவர். (அவர் வெளியூர் போன நாட்களில் அவர் கையெழுத்தை நாமே போட்டு ஒத்தாசை செய்ததும் உண்டு.) மறுநாள் காலையில் சட்டம் வந்து தோளில் தட்டி, 'இனிமே நீயே போடு ராஜா' என்கிறது. ஓட்டு, டிரைவிங் லைசென்ஸ், சொந்தமாக பேங்க் அக்கவுண்ட்... நமக்குக் கொண்டாட்டம்.

அதே பதினெட்டாவது பிறந்தநாளை நினைத்து வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு இருக்கிற அப்பா அம்மாக்கள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றி. அவர்களுக்காக டெல்லியில் போட்ட சட்டம் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வரை வந்த கதையைப் பற்றி. 'சட்டமா, சரிதான்' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்களில் சிலருக்கு இதில் ஒரு உத்தியோகம் காத்திருக்கிறது. சம்பளம் கிடையாது. பின்னால் சொல்கிறேன்.

* * *

முதலில், ஆட்டிசம் என்றால் என்ன? வியாதி இல்லை. ஒட்டாது. மாத்திரை போட்டுப் போகாது. மூளை வளருகிற விதத்திலேயே ஒரு வித்தியாசம். அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் 1943-ல் பதினோரு குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையில் இருந்துதான் உலகம் இதைத் தனியாகப் பார்க்க ஆரம்பித்தது.

பேச்சு தாமதமாக வரலாம், வராமலே போகலாம், வந்தாலும் நாம் கேட்ட கேள்வியையே நமக்குத் திருப்பித் தரலாம். முகம் பார்த்துப் பேசுவது கஷ்டம். எல்லாம் நேற்று மாதிரியே இன்றும் இருக்க வேண்டும்: அதே தெரு, அதே தட்டு, அதே ஜன்னலோர சீட். சத்தம், டியூப் லைட், சட்டைக் காலரில் உறுத்துகிற லேபிள் என்று நமக்கு உறைக்காத சமாசாரங்கள் அவர்களை உலுக்கி எடுத்துவிடும். ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்லை. ஒருவர் காலேஜில் மெடல் வாங்குவார். இன்னொருவருக்கு முப்பது வயதிலும் யாராவது சட்டைப் பட்டன் போட்டுவிட வேண்டும். 1988-ல் 'ரெயின் மேன்' படம் வந்த பிறகு ஆட்டிசம் என்றாலே கணக்கில் புலி என்று நிறையப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். அப்படி இல்லை.

காரணம் கேட்டால் நம் ஜனங்கள் ரெடியாக மூன்று வைத்திருப்பார்கள். அம்மா வேலைக்குப் போனது, தடுப்பூசி போட்டது, செல்லம் கொடுத்தது. மூன்றும் தப்பு. பெற்றவர்கள் ஏதோ செய்ததால் வருவதில்லை. மாமியார்கள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கலாம்.

அரசாங்கக் காகிதங்களில் இவர்களுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: 'புற உலகச் சிந்தனையற்றோர்'. பெயர் வைத்தவர் இந்தப் பிள்ளைகளில் ஒருவரோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் மீனாட்சிபுரத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். அவருடைய மகன், ஜங்ஷனில் இருந்து கிளம்புகிற ரயிலின் ஹாரன் கேட்டால் அது எந்த ரயில், இன்றைக்கு எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்லிவிடுவான். அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறதுக்கு முன்னாலேயே காதைப் பொத்திக்கொள்வான். புற உலகம் அவனுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கேட்கிறது. புற உலகத்துக்குத்தான் அவனைப் பற்றிச் சிந்தனை இல்லை.

* * *

அந்த மகனுக்குப் பதினெட்டு முடிந்த சமயம். தாத்தா அவன் பேரில் போட்டு வைத்த டெபாசிட் முதிர்ந்தது. அண்ணாச்சி பேங்க்குக்குப் போனார். (எந்த பேங்க் என்பது முக்கியமில்லை. எந்த பேங்க்கிலும் நடக்கும்.)

"பையன் மேஜர் ஆயிட்டார்லா. அவரே வந்து கையெழுத்துப் போடணும் சார்" என்றார் கவுண்ட்டர்காரர்.

மகனை அழைத்துக்கொண்டு போனார். கூட்டம், டோக்கன் மிஷினின் கீச் கீச், ஏ.சி.யின் உறுமல். கவுண்ட்டர்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க பேரு என்ன?"

"உங்க பேரு என்ன?" என்றான் மகன்.

"உங்க பேரைக் கேட்டேன் சார்."

"உங்க பேரைக் கேட்டேன் சார்."

வரிசையில் நின்றவர்களில் நாலு பேர் சிரித்தார்கள். கவுண்ட்டர்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. கிண்டல் என்று நினைத்துவிட்டார். அண்ணாச்சி விளக்கினார். உள்ளே மானேஜரிடம் போனார்கள். அவர் சட்டம் பேசினார்: "நீங்க அப்பாதான், இல்லைன்னு சொல்லலே. ஆனா பதினெட்டுக்கு மேலே நீங்க கார்டியன் இல்லே. கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கிட்டு வாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து அண்ணாச்சி சொன்னது இது:

"பதினெட்டு வருசமா இவனுக்கு நான்தான் பல்லு வெளக்கி விடுதேன் தம்பி. நான் இவனுக்கு யாருன்னு இனிமே ஜட்ஜு சொல்லணுமாம்லா. சரி, அதுவும் போட்டும். நான் இருக்கும்போதே இப்படின்னா, எனக்குப் பொறவு இவனை யாரு என்னன்னு கேப்பா?"

ஆட்டிசம் பிள்ளைகளைப் பெற்ற எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். ஸ்கூல், பயிற்சி, பேச்சு எல்லாம் அப்புறம். 'எங்களுக்குப் பொறவு?'

மானேஜர் சொன்னதில் பாதி சரி. மைனருக்கு அப்பா அம்மா இயற்கையான கார்டியன். பதினெட்டு முடிந்ததும் அந்தப் பதவி காலி. மீதிப் பாதி அவருக்குத் தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போகாமலே கார்டியன் ஆவதற்கு இந்த தேசத்தில் 1999-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி வாங்கிய சான்றிதழை வைத்து பேங்க்குகள் கணக்கு நடத்த விடலாம் என்று ரிசர்வ் பேங்க் 2007 நவம்பரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சுற்றறிக்கை எல்லா ஊரையும் சுற்றிவிட்டு மானேஜர் மேஜைக்கு மட்டும் வராமல் போனது யார் செய்த பாவமோ!

* * *

அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை.

பாளையங்கோட்டைக்காரர்களுக்குத் தெரியும், காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் அங்கே நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. கண்ணும் காதும் வேலை செய்யவில்லை என்றால் பார்த்த மாத்திரத்தில் புரிகிறது, நாலு பேர் சேர்ந்து பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். ஆட்டிசத்துக்கு அப்படி அடையாளம் கிடையாது. பையன் பார்க்க ராஜா மாதிரி இருப்பான். பஸ்ஸில் கத்தினால் 'வளர்த்த லட்சணம்' என்று பக்கத்து சீட் சொல்லும்.

சட்டமும் பக்கத்து சீட் மாதிரிதான் நடந்துகொண்டது. 1995-ல் பார்லிமென்டில் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. அதுவே லேசில் வரவில்லை. ஜாவேத் அபிதியின் தலைமையில் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் டிசம்பர் 19-ம் தேதி ஊர்வலம் போனார்கள். 22-ம் தேதி மசோதா நிறைவேறியது. கேட்டால் மூன்று நாளில் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்காமல் ஒன்றும் கிடைக்காது. அந்தச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்களைப் பட்டியல் போட்டார்கள். பார்வை, செவி, கை கால் என்று போகிற அந்த ஏழில் ஆட்டிசம் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்கு சர்க்காரைப் பொறுத்தவரை கஷ்டமும் இல்லை.

1991-ல் டெல்லியில் மேரி பருவா என்ற அம்மாவும் சில பெற்றோர்களும் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்று ஒரு அமைப்பை ஆரம்பித்திருந்தார்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்வதே அவர்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. 1999 டிசம்பரில் வந்த சட்டத்தின் பெயரிலேயே ஆட்டிசம் முதலாவதாக ஏறியது. முழுப் பெயரைச் சொன்னால் இந்தப் பத்தி முடிந்துவிடும்; நேஷனல் டிரஸ்ட் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் என்று நாலு வகையினருக்கானது. மத்திய அரசு ஒரே தடவையாக நூறு கோடி ரூபாய் மூலதனம் போட்டது.

இந்தச் சட்டம்தான் அண்ணாச்சியின் கேள்வியை நேராகப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு. அதில் மூன்று பேர்: கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஓர் அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் இருந்து ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். பெற்றவர்களோ உறவினரோ மனு கொடுக்கலாம். அந்தப் பிள்ளைக்கு கார்டியன் தேவையா, எந்தெந்த விஷயத்துக்குத் தேவை என்று குழு பார்த்து நியமிக்கும். வக்கீல் ஃபீஸ் இல்லை, வாய்தா இல்லை.

நான் பி.காம். படித்தவன். அந்தப் படிப்பால் எனக்கு இதுவரை கிடைத்த பெரிய பலன், பக்கத்து வீட்டுக்காரர்களின் வரவு செலவுப் பொருத்தத்தைச் சந்தேகப்படுவதுதான். இந்தச் சட்டத்தின் 16-வது பிரிவைப் படித்தபோதுதான் ஒரு சட்டத்தின் மேல் எனக்கு முதன்முதலாகப் பிரியம் வந்தது. கார்டியன் ஆனவர் ஆறு மாசத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்து என்ன, வரவேண்டியது என்ன, கடன் என்ன என்று பட்டியல் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாசத்துக்குள் கணக்கு: எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, கையிருப்பு எவ்வளவு. பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ சொத்தில் கை வைத்தாலோ 17-வது பிரிவு: கார்டியனை மாற்றலாம். சித்தப்பாக்களை நம்பி எழுதிய சட்டம் இல்லை. சித்தப்பாக்களைத் தெரிந்து எழுதிய சட்டம்!

* * *

இப்போது அந்த உத்தியோகம்.

பெற்றவர்கள் போன பிறகு யார் கார்டியன்? பெரும்பாலும் கூடப் பிறந்தவர்தான். இந்தப் பத்தியைப் படிக்கிற இளைஞர்களில் யாரோ ஒருவர் வீட்டில் அப்படி ஒரு தம்பியோ அக்காவோ இருக்கலாம். இருந்தால், நாளைக்கு அந்தக் கையெழுத்து உங்களுடையது.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பெண் வீட்டார் வருகிற அன்றைக்குத் தம்பியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஜாதகத்தில் செவ்வாய் தோஷத்தை மறைக்காதவர்கள் தம்பியை மறைக்கிறார்கள். கல்யாணம் முடிந்து மூன்றாம் மாசம் மருமகளுக்குத் தெரிகிறது. தம்பியைப் பற்றிக்கூட அவளுக்கு வருத்தமில்லை. சொல்லவில்லையே என்பதுதான் வருத்தம். அன்றைக்கு ஆரம்பிக்கிற சண்டையில் கடைசியில் தோற்பது, ஒரு வார்த்தையும் பேசாத அந்தத் தம்பி.

அண்ணாச்சிக்கு ஒரு மகளும் உண்டு. போன வருஷம் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் அவளே சொன்னாளாம்: "எங்க அண்ணன் கூடத்தான் இருப்பான். இப்பம் இல்ல, பொறவு. அதுக்குச் சம்மதம்னா காப்பி குடிங்க." மாப்பிள்ளை காப்பி குடித்தார். அண்ணாச்சி இதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். நாலாவது தடவை சொன்னாலும் கேட்பேன்.

* * *

சரி, அதற்கப்புறம் என்ன ஆயிற்று?

2007-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது. அதற்கு ஏற்ற மாதிரி புதுச் சட்டம் எழுத சுதா கௌல் தலைமையில் ஒரு கமிட்டி 2011-ல் வரைவு கொடுத்தது. 2014-ல் மசோதா வந்தது, மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளே 'இது போதாது' என்று எதிர்த்தன. ஒருவழியாக 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தது. ஏழு வகை இருபத்தொன்று ஆயிற்று. ஆட்டிசம் உள்ளே. ஆறு வயதில் இருந்து பதினெட்டு வரை பக்கத்துப் பள்ளிக்கூடத்திலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசப் படிப்பு. உயர் கல்வியில் ஐந்து சதவிகிதம். சர்க்கார் வேலையில் நாலு சதவிகிதம். பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாசத்துக்குக் குறையாத ஜெயில். அன்றைக்கு வரிசையில் நின்று சிரித்த நாலு பேர் விளையாட்டாகச் சிரித்தவர்கள், அவர்களை இதில் பிடிக்க முடியாது. இருந்தாலும் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் தாமிரபரணிக்காரனுக்குத் தெரியும், பாபநாசத்தில் அணையைத் திறந்துவிட்டால் மட்டும் வயலுக்குத் தண்ணீர் வராது. கன்னடியன் கால்வாயோ கோடகன் கால்வாயோ, வழியில் ஷட்டர் தூக்க ஆள் வேண்டும், தூர் வாரியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடைமடைக்காரன் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். சட்டமும் அப்படி. 1999-ல் சட்டத்தில் பெயர் ஏறிவிட்டது. ஆட்டிசத்தை எப்படி அளந்து சான்றிதழ் கொடுப்பது என்ற மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது 2016-ல்! சட்டம் போட்ட வருஷம் பிறந்த பிள்ளை அதற்குள் மேஜர் ஆகப் போகிறது.

ஷட்டர் தூக்குகிறவர்கள் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2019 நவம்பர் வரை நெல்லை ஜில்லாவில் இருந்து, இப்போது தென்காசி ஜில்லாவுக்குப் போய்விட்ட ஆய்க்குடி. கடற்படை அதிகாரி தேர்வில் 1975-ல் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன எஞ்சினியரிங் மாணவர் எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே ஒரு கொட்டகையில் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். 2020-ல் பத்மஸ்ரீ. அவரோடு சேர்ந்து சங்கத்தை நடத்துகிற எஸ்.சங்கரராமன், தசைச் சிதைவு நோயுள்ள சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். (காமர்ஸ் படித்தவர்களில் உருப்படியானவர்களும் உண்டு என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.) பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, கிராமத்துக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். டெல்லிச் சட்டம் நம் கிராமத்து வாசலுக்கு வருகிறது என்றால், இப்படி யாரோ ஒருவர் இந்தப் பக்கத்தில் இருந்து பிடித்து இழுப்பதால்தான்.

* * *

இன்னும் இழுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. ஆபீஸ் போகிறவர்களுக்குப் பழக்கமான இடத்தில் இருந்தே ஆரம்பிப்போம்.

வருஷா வருஷம் ஜனவரி வாக்கில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருந்து ஒருவர் வந்து, 'சேமிப்பு ரசீதெல்லாம் குடுத்தாச்சா?' என்று கடன்காரன் மாதிரி நிற்பார் இல்லையா? 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 80டிடி என்று ஒரு பிரிவு. நம்மை நம்பியிருக்கிற மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாய், குறைபாடு கடுமை என்றால் 1,25,000 ரூபாய் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு மட்டுமில்லை, கூடப் பிறந்தவர்களுக்கும் சேர்த்து. 2025-ல் போட்ட புதுச் சட்டத்தில் நம்பர் மாறினாலும் சமாசாரம் அதேதான். ஒரே ஒரு இடைஞ்சல்: பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இது. 'சுலபம், சல்லிசு' என்று புது முறைக்கு மாறினவர்களுக்குக் கழிவு கிடையாது. மனைவி பேரில் இன்ஷூரன்ஸ் போடுவதும் போடாததும் நம் இஷ்டம், அந்தக் கழிவை எடுத்தால் ஒரு நியாயம் இருக்கிறது. தம்பிக்கு ஆட்டிசம் என்பது யார் இஷ்டம்?

'கேட்டால் மாற்றுவார்களா?' என்கிறீர்கள். மாற்றியிருக்கிறார்கள். பிள்ளைக்காக அப்பா பாலிசி எடுத்தால், அவர் இறந்த பிறகுதான் பிள்ளைக்குப் பணம் வர வேண்டும், உயிரோடு இருக்கும்போது வந்தால் சலுகை கிடையாது என்று இதே பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது. அப்பா சாக வேண்டும் என்று பிள்ளையைக் காத்திருக்க வைக்கிற பாலிசி! ஒருவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2019 ஜனவரியில் மனு தள்ளுபடிதான். ஆனால் இதை அரசு யோசிக்க வேண்டும் என்று கோர்ட் எழுதியது. 2022 பட்ஜெட்டில் நிபந்தனை தளர்ந்தது. இப்போது அப்பாவோ அம்மாவோ அறுபது தாண்டினால் அவர்கள் இருக்கும்போதே பணம் வரலாம். தோற்ற கேஸ் ஜெயித்த கதை.

இன்னொன்று இன்ஷூரன்ஸ். நேஷனல் டிரஸ்ட் 2008-ல் 'நிராமயா' என்று மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. ஒரு லட்ச ரூபாய் வரை. ஆட்டிசம் என்றாலே கதவைச் சாத்திய கம்பெனிகளுக்கு நடுவில் அது பெரிய விஷயம்தான். ஆனால் அன்றைய ஒரு லட்சமும் இன்றைய ஒரு லட்சமும் ஒன்றா? ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்து எழுந்தவரைக் கேளுங்கள்.

அப்புறம் அந்த நாலு சதவிகித வேலை. பார்வைக்கு ஒன்று, செவிக்கு ஒன்று, கை காலுக்கு ஒன்று. நாலாவது ஒரு சதவிகிதத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு எல்லாரும். நெல்லை - தூத்துக்குடி பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு ஒரு சீட்டுக்கு ஐந்து பேர் துண்டு போட்ட மாதிரி. போட்டித் தேர்வு என்று வந்தால் அதில் பேச்சே வராதவர் எப்படி உட்கார முடியும்?

கார்டியன் விஷயத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1999 சட்டம் 'கார்டியன்' என்கிறது. 2016 சட்டம் 'குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரையும் கலந்துகொண்டு' என்கிற அளவான கார்டியனைச் சொல்கிறது. ஐ.நா. உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், அவர் முடிவை அவரே எடுக்கத் துணை செய்யுங்கள் என்கிறது. பேசத் தெரிந்த, எழுதத் தெரிந்த ஆட்டிசக்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2006-ல் ஆட்டிசத்தை 'எதிர்த்துப் போரிடும்' சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். 'நாங்கள் என்ன, படையெடுத்து வந்த எதிரியா?' என்று அவர்கள் கேட்டார்கள். 2014-ல் பெயரில் இருந்த போர் போய்விட்டது. நம் ஊரில் இரண்டு சட்டத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்துகிற வேலை பாக்கி. அந்த வேலையில் பெற்றவர்களோடு பிள்ளைகளையும் உட்கார வைக்க வேண்டும்.

* * *

அண்ணாச்சி என்ன செய்தார் என்றால், ஒரு திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போனார். அங்கிருந்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஃபாரம் ஏ. ஊனச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு. நாலைந்து நடை. ஒரு நாள் மகனையும் அழைத்து வரச் சொன்னார்கள். அதிகாரி அவனிடம் "உங்க பேரு என்ன?" என்று கேட்டுவிடக் கூடாதே என்று அண்ணாச்சி குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார். அவர் விவரம் தெரிந்தவர். "எந்த ரயில் பிடிக்கும்?" என்று கேட்டார். மகன் பத்து நிமிஷம் பேசினான். சான்றிதழ் வந்தது. பேங்க்கில் டெபாசிட் கிடைத்தது. வருஷா வருஷம் ஜூன் மாசத்துக்குள் அண்ணாச்சி கணக்கு எழுதிக் கொடுக்கிறார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்கிறாள்.

அவருக்குக் கணக்கும் ஃபாரமும் பழக்கம், போய்விட்டார். அம்பாசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் பீடி சுற்றி மகனைக் காப்பாற்றுகிற அம்மாவுக்கு இது யார் சொல்வது?

நீங்கள் சொல்லலாம். தெரிந்த வீடு இருந்தால் இந்த வாரமே. பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள் அந்த 2007 சுற்றறிக்கையைத் தேடி எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், சாமி படத்துக்குப் பக்கத்தில். அரசு ஊழியர்கள், தங்களை நம்பியிருக்கிற மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டா, பெயரை இப்போதே பதிய முடியுமா என்று தங்கள் ஆபீஸில் விசாரித்து வைக்கலாம். மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுள் முழுக்க உண்டு.

மற்றவர்களுக்கு, ஒரு தபால் கார்டு. இது டெல்லிச் சட்டம், கவுன்சிலரிடம் கேட்டால் தெரு விளக்கு போட்டுத் தருவார், பாவம். எழுத வேண்டியது உங்கள் எம்.பி.க்கு. வாசகம் கைவசம் இல்லாதவர்களுக்கு நானே எழுதித் தருகிறேன், காப்பிரைட் கிடையாது:

'மதிப்புக்குரிய எம்.பி. அவர்களுக்கு, ஆட்டிசம் உள்ளவர்கள் இருக்கிற குடும்பங்களுக்காக நாலு விஷயம். ஒன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க் குழு மாசம் ஒரு குறித்த தேதியில் கூட வேண்டும். எத்தனை மனு பாக்கி என்று போர்டில் எழுதிப் போட வேண்டும். இரண்டு, மாற்றுத்திறனாளிக்கான வரிக் கழிவு புது முறையிலும் வேண்டும். மூன்று, நிராமயாவின் ஒரு லட்சத்தை உயர்த்த வேண்டும். நாலு, கார்டியன் பற்றி இரண்டு சட்டமும் ஒரே மாதிரி பேச வேண்டும். அதை எழுதும்போது ஆட்டிசம் உள்ளவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இப்படிக்கு, தங்கள் தொகுதி வாக்காளன்.'

கார்டு விலை ஐம்பது காசு. கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். உங்களுக்குத்தான் பதினெட்டு முடிந்துவிட்டதே.